‘லாரியட்’ என்றால் யார்? – வாகை கற்றுத் தந்த பாடம்

செஞ்சிக் கோட்டையின் இராஜகிரி மலை எங்கள் வகுப்பறைச் சன்னலிலிருந்து நன்றாகத் தெரியும். அந்தச் சன்னலுக்கு அருகில் அமர்ந்திருந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியால்தான் இந்தக் கட்டுரை எழுத நேர்ந்தது. அவளுக்கு நான் செய்த ஒரு சிறு பிழையும், அதைத் திருத்தப் போய் நான் கற்றுக்கொண்டதும் சக ஆசிரியர்களுக்குப் பயன்படும் என்பதால் பகிர்கிறேன்.

அது அக்டோபர் மாதத்தின் முதல் வாரம். காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்திருந்தது. நோபல் பரிசுகள் அறிவிக்கப்படும் வாரமும் அதுதான். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ‘இன்றைய செய்தி’ வாசிக்கும் முறை அவளுடையது. நூலகத்துக்கு வரும் ஆங்கில நாளிதழிலிருந்து ஒரு செய்தியைத் தானே தெரிந்தெடுத்துத் தமிழில் எழுதி வந்திருந்தாள். ஒரு சொல்லுக்கு மட்டும் தமிழ் தெரியவில்லை. அதை அப்படியே ‘நோபல் லாரியட்’ என்று வாசித்துவிட்டாள்.

கூட்டம் முடிந்து வகுப்புக்கு வந்ததும் ஒரு மாணவன் எழுந்தான். “ஐயா, லாரியட்டுன்னா லாரி ஓட்டுறவரா?” என்றான். வகுப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “இல்லப்பா, பரிசு வாங்கினவர். சரி, பாடத்துக்குப் போவோம்” என்று கடந்துவிட்டேன்.

அடுத்த முறை செய்தி வாசிக்க அவள் வரவில்லை. அதற்கடுத்த முறையும் வேறொருத்தியை அனுப்பினாள். அவளுடைய தோழியிடம் கேட்டபோதுதான் விவரம் தெரிந்தது. அவளுடைய அப்பா லாரி ஓட்டுநர். செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திலிருந்து நெல் மூட்டை ஏற்றிச் செல்பவர். அன்றிலிருந்து சில மாணவர்கள் அவளை ‘லாரியட்’ என்றே கூப்பிட்டு வந்திருக்கிறார்கள்.

சொல்லைத் தனியாகக் கற்பிக்கக் கூடாது, சூழலோடு சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்று பி.எட். படிக்கும்போது பயிற்சிக் குறிப்பேட்டில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். ஒரு மாணவி தானே தேடிக் கொண்டுவந்த சொல்லை இரண்டு வார்த்தைகளில் முடித்துவிட்டேன். அதைச் சரிசெய்ய ஒரே வழி, அந்தச் சொல்லையே ஒரு முழுப் பாடமாக்குவதுதான் என்று தோன்றியது. இரண்டு பாடவேளைகள் ஒதுக்கினேன்.

பிரிஞ்சி இலையிலிருந்து தொடக்கம்

முதல் பாடவேளைக்குக் கையில் கொஞ்சம் பிரிஞ்சி இலை எடுத்துச் சென்றேன். எல்லாருக்கும் ஒவ்வொன்று கொடுத்தேன். முகர்ந்து பார்த்ததுமே “பிரியாணி இலை!” என்று குரல் எழுந்தது.

“இந்த இலையின் ஒன்றுவிட்ட உறவுதான் அந்த லாரியட்” என்றேன்.

மத்தியதரைக் கடல் நாடுகளில் லாரல் என்றொரு மரம் வளர்கிறது. அதன் இலையையும் அங்கே சமையலில் மணத்துக்காகப் போடுகிறார்கள். நாம் பயன்படுத்தும் பிரிஞ்சி இலை வேறு மரத்தினுடையது. இலவங்கப்பட்டை மரத்தின் இனம். இரண்டும் லாரேசியே என்ற ஒரே தாவரக் குடும்பம். நம் இலையில் அடியிலிருந்து நுனிவரை மூன்று நரம்புகள் நீளமாக ஓடும். லாரலில் நடுவில் ஒரு நரம்புதான் தெளிவாக இருக்கும். மாணவர்கள் இலையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நரம்புகளை எண்ணினார்கள். அறிவியல் ஆசிரியரின் வேலையில் கொஞ்சத்தை நான் செய்துவிட்டேன்!

கிரேக்கர்களுக்கு லாரல், அப்பல்லோ என்ற தெய்வத்துக்கு உரிய மரம். கவிதை, இசை ஆகியவற்றுக்கு உரிய தெய்வமும் அவரே. அவர் பெயரால் டெல்ஃபி நகரில் நடந்த விளையாட்டு விழாவில் வென்றவருக்கு லாரல் இலைகளால் கட்டிய வளையத்தைத் தலையில் சூட்டினார்கள். ஒலிம்பியா நகரில் நடந்த விழாவில் சூட்டியது காட்டு ஒலிவ இலை. இந்த இரண்டையும் பலர் குழப்பிக்கொள்வதுண்டு. பிறகு ரோமில், போரில் வென்று திரும்பும் படைத்தலைவர் லாரல் சூடி ஊர்வலம் வந்தார். லத்தீன் மொழியில் அந்த மரத்தின் பெயர் லாரஸ். லாரல் சூடப்பட்டவர் என்பதிலிருந்து பிறந்த சொல்தான் லாரியட்.

1341இல் பெட்ரார்க் என்ற இத்தாலியக் கவிஞருக்கு ரோம் நகரில் லாரல் சூட்டினார்கள். படைத்தலைவர் சூடிய இலை, கவிஞரின் தலைக்கு வந்தது. 1668இல் இங்கிலாந்து அரசர் ஜான் டிரைடனை அரசின் கவிஞராக அமர்த்தியபோது அதுவே ஒரு பதவியின் பெயராயிற்று. 1901இல் நோபல் பரிசுகள் தொடங்கின. அதன்பின் இந்தச் சொல் உலகெங்கும் பரவியது.

இங்கே மொழிபெயர்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை உண்டு. ஆங்கிலத்தில் நம் புன்னை மரத்துக்கும் ‘அலெக்சாந்திரிய லாரல்’ என்று ஒரு பெயர் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு ‘புன்னை சூடியவர்’ என்று யாராவது எழுதினால் தவறாகிவிடும். பெயர்தான் ஒன்று, மரம் வேறு.

நம்மிடம் இருக்கும் மாலை

“கிரேக்கர்கள் இலை சூடினார்கள். நாம் என்ன சூடினோம்?” என்று கேட்டேன். பூ என்றார்கள். “எந்தப் பூ?” மல்லி, கனகாம்பரம், சாமந்தி என்று பட்டியல் நீண்டது.

பத்தாம் வகுப்பில் வரும் புறப்பொருள் இலக்கணத்தை ஒன்பதாம் வகுப்பிலேயே கொஞ்சம் தொட்டுக்காட்டினேன். செஞ்சியில் இதைக் கற்பிப்பது எளிது. கோட்டையை வளைத்து நிற்பவர் சூடுவது உழிஞை. உள்ளே நின்று மதிலைக் காப்பவர் சூடுவது நொச்சி. 1690 முதல் 1698 வரை முகலாயத் தளபதி சுல்பிகர் கான் இந்தக் கோட்டையை வளைத்துக்கொண்டு காத்திருந்தார். உள்ளே இருந்தவர் சிவாஜியின் மகன் இராஜாராம். சன்னலுக்கு வெளியே மலையைக் காட்டி, “வெளியே உழிஞை, உள்ளே நொச்சி, எட்டு ஆண்டுகள்” என்றேன். பாடநூலில் கோடிட்ட இடத்தை நிரப்பும் விடைகளாகவே இருந்த பூக்கள் அன்று இடமும் ஆளும் பெற்றன.

போர் முடிந்து வென்றவர் சூடுவது வாகை. அது ஒரு பெரிய மரம். நம் ஊர்ச் சாலையோரங்களில் நிற்கிறது. தூங்குமூஞ்சி மரத்தையும் வாகை என்று சொல்பவர்கள் உண்டு. அது பிற்காலத்தில் தென் அமெரிக்காவிலிருந்து வந்த மரம். நம் வாகையின் பூவுக்கு இதழ் பெரிதாகத் தெரியாது. மெல்லிய நூல்களைச் சேர்த்துக் கட்டிய குஞ்சம்போல் இருக்கும். சங்கப் புலவர்கள் அதை மயிலின் கொண்டையோடு ஒப்பிட்டார்கள். முற்றிக் காய்ந்த வாகை நெற்று காற்றில் சலசலவென்று ஒலிக்கும். கயிற்றின்மேல் ஆடும் கூத்தர்களின் பறையொலியோடு அந்த ஒலியை ஒப்பிடும் பாடல் குறுந்தொகையில் இருக்கிறது.

ஆக, ‘லாரல் சூடியவர்’ என்பதற்கு நேராக ‘வாகை சூடியவர்’ என்று நம் மொழியிலேயே ஒரு தொடர் இருக்கிறது. நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் ‘வாகை சூடினார்’ என்ற தலைப்பை மாணவர்கள் தினமும் பார்க்கிறார்கள். அந்த வாகை ஒரு பூ என்பதுதான் பலருக்கும் அன்று புதிய செய்தி.

வென்றவர் மட்டும்தானா வாகைக்கு உரியவர்?

இந்த இடத்தில் பாடத்தை முடித்திருந்தால் அது பாதிப் பாடமாகத்தான் இருந்திருக்கும். மாணவர்களிடம் இன்னொரு கேள்வி கேட்டேன்: “இராஜா தேசிங்கைத் தெரியுமா?” எல்லாக் கைகளும் உயர்ந்தன. அவருடைய குதிரையின் கதையைச் சொல்லவே நான்கு பேர் போட்டி போட்டார்கள். “1714இல் அவர் போரில் இறந்தார். அவரை வென்றவர் யார்?” வகுப்பு அமைதியானது. ஒரு கையும் உயரவில்லை. ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கான் என்று நான்தான் சொன்னேன்.

வென்றவர் பெயர் வென்ற ஊரிலேயே தெரியவில்லை. தோற்றவருக்குக் கதைப்பாடல் இருக்கிறது. அப்படியென்றால் வாகை என்பது வெற்றி மட்டும்தானா?

தொல்காப்பியர் இதற்கு விடை வைத்திருக்கிறார். புறத்திணையியலில் அவர் வாகைக்குத் தரும் விளக்கத்தைப் போர்க்களத்தோடு நிறுத்தவில்லை. அவரவர் தமக்கு உரிய தொழிலைக் குற்றமில்லாமல் செய்து அதில் மேம்பட்டு விளங்குவதே வாகை என்கிறார். அதை ஏழு வகையாகப் பிரிக்கிறார். அரசர் அதில் ஒரு வகைதான். ஓதுவோர் வருகிறார்கள், முக்காலமும் உணர்ந்த அறிவர் வருகிறார், தவம் செய்வோர், பொருநர் வருகிறார்கள். வணிகரும் வேளாளரும் வருகிறார்கள் என்று உரையாசிரியர்கள் விளக்குகிறார்கள். இவர்களைப் போன்ற பிறரும் வருவதற்கு ஓர் இடம் விடப்பட்டிருக்கிறது. வாகையின் துறைகளில் ஒன்று ஏர் உழவர் நெற்களத்தில் அடையும் வெற்றி. போர்க்களத்துக்கு ஒப்பாக நெற்களத்தையும் வைத்திருக்கிறார்.

அந்தக் காலச் சமூகப் பிரிவுகளை வைத்தே அவர் எழுதியிருக்கிறார் என்பதையும் மாணவர்களுக்குச் சொன்னேன். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் உள்ளே இருக்கும் கருத்து: வாகைக்குத் தோற்றுப்போன எதிரி ஒருவர் கட்டாயம் தேவையில்லை. தன் வேலையில் சிறந்து நிற்றலே போதும்.

நோபல் பரிசுக்கு இந்தப் பொருள் மிகச் சரியாகப் பொருந்துகிறது. சர் சி.வி. இராமன் 1930இல் இயற்பியலுக்கான பரிசைப் பெற்றபோது யாரையும் தோற்கடிக்கவில்லை. ஒளிச்சிதறலை ஆராய்ந்தார். அவ்வளவுதான்.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை

இரண்டாம் பாடவேளையை முழுக்கச் சொற்பயன்பாட்டுக்கு வைத்துக்கொண்டேன். மாணவர்களின் கட்டுரைகளிலும், நம் விழா அழைப்பிதழ்களிலும் அடிக்கடி காணும் பிழைகளை இங்கே தருகிறேன்.

ஒன்று: வாங்கினார், வென்றார், பெற்றார். பேச்சில் ‘பரிசு வாங்கினான்’ என்கிறோம். அது தவறில்லை. ஆனால் எழுத்தில் ‘வாங்கு’ என்பது விலைக்கு வாங்குவதையும் குறிக்கும் என்பதால் ‘பெற்றார்’ நல்லது. ‘வென்றார்’ என்பது போட்டிக்கு உரியது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நடந்த உலகச் சதுரங்கப் போட்டியில் குகேஷ் வென்றார். எதிரே ஓர் ஆட்டக்காரர் இருந்தார். கலைத் திருவிழாவில் நம் மாணவர் வென்றார்; அதுவும் போட்டி. நோபல் பரிசுக்கு யாரும் தாமே விண்ணப்பிக்க முடியாது. பிறர் பரிந்துரைக்க வேண்டும். யார் யார் பரிந்துரைக்கப்பட்டார்கள் என்பது 50 ஆண்டுகளுக்கு வெளியிடப்படுவதில்லை. ஆகவே ‘நோபல் பரிசு பெற்றார்’ அல்லது ‘அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது’ என்று எழுதுவதே பொருத்தம்.

இரண்டு: பரிசாளர், விருதாளர், பரிசிலர். எழுத்தாளர், பேச்சாளர் என்பதுபோல் ‘ஆளர்’ சேர்ந்து பரிசாளர், விருதாளர் என்ற சொற்கள் வழக்கில் உள்ளன. இரண்டையும் பயன்படுத்தலாம். ‘பரிசிலர்’ வேறு. புறநானூற்றில் வள்ளல்களை நாடிச் சென்று பாடிப் பரிசில் கேட்பவர் பரிசிலர். கேளாமல் தேடி வரும் சிறப்புக்கு அந்தச் சொல் பொருந்தாது. தேர்வு விடைத்தாளில் ‘நோபல் பரிசு பெற்றவர்’ என்றே எழுதலாம். அது நீளமானாலும் தெளிவானது.

மூன்று: முன்னாள் என்ற அடைமொழி. ‘முன்னாள் நோபல் பரிசாளர்’ என்று ஒரு மாணவர் எழுதியிருந்தார். பரிசுக்குப் பதவிக்காலம் இல்லை. ஒருமுறை பெற்றவர் என்றும் பெற்றவர்தான். 1983இல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் இன்று இல்லை. ஆனாலும் அவர் ‘முன்னாள்’ ஆகவில்லை. அரசவைக் கவிஞர் என்பது அப்படியல்ல. அது ஒரு பதவி. ஆங்கிலத்தில் அதற்கும் லாரியட் என்ற சொல்லே வருகிறது. நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் 1949இல் சென்னை மாகாணத்தின் அரசவைக் கவிஞரானார். 1978இல் கண்ணதாசன் தமிழ்நாட்டின் அரசவைக் கவிஞரானார். ஆங்கிலத்தின் ஒரு சொல் தமிழில் இரண்டாகப் பிரிவதை மாணவர்கள் இங்கே கண்டுகொள்ளலாம்.

நான்கு: ஒரு பரிசு, மூன்று பேர். சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் 2009இல் வேதியியலுக்கான நோபல் பரிசை தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனாத் ஆகியோருடன் பகிர்ந்துகொண்டார். ரைபோசோமின் அமைப்பையும் செயலையும் ஆராய்ந்ததற்காக அது வழங்கப்பட்டது. பெற்றவர்கள் மூவர், பரிசு ஒன்று. ‘மூன்று நோபல் பரிசுகள்’ என்று எழுதினால் கணக்குத் தவறிவிடும். ஒரே ஆண்டில் ஒரே துறைக்கான பரிசை மூவருக்கு மேல் பகிர்ந்தளிப்பதில்லை.

ஐந்து: ஆளுக்கா, நூலுக்கா? சாகித்திய அகாதெமி விருது ஒரு நூலுக்காகத் தரப்படுவது. 1961இல் மு. வரதராசனுக்கு ‘அகல் விளக்கு’ நாவலுக்காக வழங்கப்பட்டது. அகிலன் 1975ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருதைச் ‘சித்திரப்பாவை’ நாவலுக்காகப் பெற்றார். பிறகு ஞானபீடத்தின் விதி மாறியது; ஒரு நூலுக்கு என்பது போய், எழுத்தாளரின் மொத்தப் பங்களிப்புக்கு என்றானது. ஆகவே 2002ஆம் ஆண்டுக்கான ஞானபீடம் பெற்ற ஜெயகாந்தனைப் பற்றி எழுதும்போது ஏதாவது ஒரு நாவலின் பெயரைச் சொல்லி ‘அதற்காகப் பெற்றார்’ என்று எழுதக் கூடாது. பொது அறிவு வினாடி வினாக்களில் இந்தப் பிழை வருகிறது.

ஆறு: பெயருக்கு முன்னால் போடலாமா? நம் விழா அழைப்பிதழ்களில் ‘பத்மஸ்ரீ’ என்று பெயருக்கு முன்னால் அச்சிடுகிறோம். இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 18ஆவது பிரிவு, படைத்துறை, கல்வித்துறைச் சிறப்புகள் தவிர வேறு பட்டங்களை அரசு வழங்கக் கூடாது என்கிறது. பாரத ரத்னா, பத்ம விருதுகள் ஆகியவை பட்டங்கள் அல்ல, விருதுகளே என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. அவற்றைப் பெயரின் முன்னும் பின்னும் சேர்த்துப் பயன்படுத்தக் கூடாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. ‘பத்மஸ்ரீ விருது பெற்ற’ என்று விவரமாக எழுதலாம். சி.வி. இராமனுக்கு முன்னால் வரும் ‘சர்’ வேறு கதை. அது 1929இல் ஆங்கில அரசு அளித்த பட்டம். பட்டம் பெயரோடு ஒட்டும், விருது ஒட்டாது.

ஏழு: எல்லா அங்கீகாரமும் விருதல்ல. 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்கள் பட்டியலில் நம் செஞ்சிக் கோட்டை சேர்க்கப்பட்டது. மராத்தியப் படைத்துறை நிலப்பரப்புகள் என்ற தொகுப்பில் உள்ள 12 கோட்டைகளில் தமிழ்நாட்டிலிருந்து இருப்பது இது ஒன்றே. “நம்ம கோட்டை யுனெஸ்கோ விருது வாங்கிடுச்சு ஐயா!” என்று மாணவர்கள் மகிழ்ந்து சொன்னார்கள். மகிழ்ச்சி சரி, சொல் சரியில்லை. அது பட்டியலில் சேர்த்தல். பரிசு கொடுத்தவுடன் கொடுத்தவரின் வேலை முடிந்துவிடும். பட்டியலில் சேர்ந்தால் அதைப் பாதுகாக்கும் பொறுப்பு நமக்குத் தொடங்குகிறது. கோட்டைச் சுவரில் பெயர் கிறுக்கக் கூடாது என்று நான் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்ததை அன்று ஒரு சொல்லின் பொருளாகச் சொல்ல முடிந்தது.

வகுப்பறைச் செயல்பாடுகள்

இந்தப் பாடத்தை மற்றப் பள்ளிகளிலும் நடத்திப் பார்க்கலாம். தொடக்க வகுப்புகளுக்கும் ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

1. இலையும் பூவும்: தொடக்க வகுப்பு மாணவர்களைப் பள்ளி வளாகத்திலோ சாலையோரத்திலோ உள்ள வாகை மரத்துக்கு அழைத்துச் சென்று இலை, நெற்று ஆகியவற்றைச் சேகரிக்கச் செய்யலாம். காய்ந்த நெற்றைக் காதருகே குலுக்கி அதன் ஒலியைத் தங்கள் சொற்களில் எழுதச் சொல்லலாம். பூக்கும் காலம் கோடை என்பதால் பூவை ஆண்டின் இறுதியில் காட்டலாம்.

2. சரியான வினை: நாளிதழில் பரிசு, விருது, பதக்கம், பட்டம் தொடர்பான செய்திகளை வெட்டி எடுத்து வரச் செய்து, வென்றார், பெற்றார், வழங்கப்பட்டது, சேர்க்கப்பட்டது என்ற நான்கு தலைப்புகளின் கீழ்க் குழுவாக ஒட்டச் செய்யலாம். நாளிதழே தவறாக எழுதியிருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் குழுவுக்குக் கைதட்டல் உண்டு.

3. எங்கள் தெரு வாகை: தங்களுக்குத் தெரிந்தவர்களில் தம் தொழிலில் குற்றமின்றிச் சிறந்து நிற்கும் ஒருவரைப் பற்றிப் பத்து வரி எழுதச் சொல்லலாம். பரிசு பெற்றவராக இருக்கக் கூடாது என்பது மட்டும் விதி.

மூன்றாவது செயல்பாட்டை நான் முன்கூட்டியே திட்டமிட்டிருக்கவில்லை. அது பிறந்தது இப்படித்தான்.

ஒரு கேள்வி

தொல்காப்பியர் சொன்ன ஏழு வகைகளைக் கரும்பலகையில் எழுதி முடித்துத் திரும்பியபோது, சன்னலோரம் ஒரு கை மெதுவாக உயர்ந்தது. பல வாரங்களுக்குப் பிறகு அவள் கை உயர்த்தியது அன்றுதான்.

“ஐயா, இருபது வருஷமா ஒரு விபத்தும் இல்லாம லாரி ஓட்டுறவர் வாகையில வருவாரா?”

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. நான் உடனே பதில் சொல்லவில்லை. முன்பு சட்டென்று சொன்ன பதிலால்தானே இவ்வளவும் நடந்தது? வகுப்பையே பார்த்து, “நீங்க சொல்லுங்க, வருவாரா?” என்றேன். முதலில் “வருவார் ஐயா” என்றவன், அன்று அந்தக் கேள்வியைக் கேட்ட அதே மாணவன்தான். காரணமும் சொன்னான்: “குத்தமில்லாம செய்யறதுதானே ஐயா வாகை?” தொல்காப்பியரின் விளக்கத்தை இதைவிடச் சுருக்கமாக நானும் சொல்லியிருக்க முடியாது.

அவளிடம் தனியாகவும் பேசினேன். அன்று நானும் சிரித்தது தவறு என்று சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள்; எதுவும் சொல்லவில்லை. மறுவாரம் வழிபாட்டுக் கூட்டத்தில் செய்தி வாசிக்க வந்தாள். தாளில் ‘நோபல் பரிசு பெற்றவர்’ என்று எழுதி, அருகே அடைப்புக்குறிக்குள் சிறிய எழுத்தில் ‘வாகை’ என்று எழுதியிருந்தாள். வாசிக்கும்போது அடைப்புக்குறிக்குள் இருந்ததையும் சேர்த்தே வாசித்தாள். நான் திருத்தவில்லை.

ஆண்டுதோறும் செப்டம்பர் 5ஆம் நாள் நம்மில் சிலருக்கு நல்லாசிரியர் விருது வழங்கப்படுகிறது. பெறுபவர்களை வாழ்த்துகிறோம். அந்தப் பட்டியலில் இல்லாத பல்லாயிரம் பேர் மறுநாள் காலையிலும் வழக்கம்போல் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர்களை வாசிக்கிறோம். குற்றமின்றி நம் வேலையைச் செய்துகொண்டிருக்கும் வரை, தொல்காப்பியர் கணக்கில் நாமும் வாகைக்கு உரியவர்களே. நான் ஒருநாள் குற்றம் செய்தேன். ஒரு மாணவியின் கேள்வி அதைத் திருத்த வாய்ப்புத் தந்தது. உங்கள் வகுப்பிலும் ஒரு பிள்ளை தானே தேடிக் கொண்டுவந்த சொல்லோடு காத்திருக்கலாம். அதற்கு இரண்டு பாடவேளைகள் ஒதுக்குங்கள், தோழமைகளே. பாடத்திட்டம் பின்தங்கிவிடாது.